அல்சர் ஓட்டை ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாள், அப்பாவுக்கு எப்போ தண்ணி தருவாங்க?

நாகலூர்_பொண்ணு:
வணக்கங்க. அப்பாவுக்கு 58 வயசு, ஏற்காட்டுல காப்பி எஸ்டேட் வேலை. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்குன மாத்திரைய ரெண்டு வருஷமா வெறும் வயித்துல வரக்காப்பியோட போட்டுட்டு இருந்தாரு, பீடியும் உண்டு. விடியக்காலம் மேல் வயித்துல கத்தி சொருகுனாப்ல வலி வந்துருக்கு, கேஸுன்னு சோடா குடிச்சுட்டு படுத்துட்டாரு, சாயங்காலம் வயிறு பலகை மாதிரி கெட்டியாயிட்ட அப்புறம்தான் 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி சேலம் வந்தோம். எக்ஸ்ரேல கல்லீரலுக்கு மேல பிறையாட்டம் ஒரு கருப்புக் கீத்து, குடல்லருந்து வெளிய வந்த காத்து அதுதான்னு டாக்டர் வெரல் வச்சு காமிச்சாரு. அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன். இப்ப மூக்குல டியூப், வயித்துல ட்ரெயின் (உள்ள தேங்கறத வெளிய எடுக்கற குழாய்), தண்ணி தண்ணின்னு கேக்கறாரு பாக்க முடியல. ஓட்டைய கொழுப்பு வச்சுதான் அடைச்சிருக்காங்களாம், அது தாங்குமா?

சர்ஜரி_வார்டு_அக்கா:
பயப்படாத தங்கச்சி. குடலுக்கு முன்னாடி போர்வை மாதிரி ஒரு கொழுப்புச் சவ்வு தொங்கும், அதை ரத்த ஓட்டத்தோடவே இழுத்து ஓட்டை மேல வச்சு தையல் போட்டு கட்டுவாங்க, கிரகாம் பேட்ச்னு பேரு, ரொம்ப காலமா இருக்கற முறை, இன்னைக்கும் சின்ன ஓட்டைக்கு அதான் பண்றாங்க. உள்ள சிந்துன அமிலத்தையும் சாப்பாட்டையும் லிட்டர் கணக்குல சலைன் ஊத்தி கழுவியிருப்பாங்க. குடல் சத்தம் வந்து காத்து பிரிஞ்சா டாக்டர் பாத்துட்டு மொதல்ல சொட்டுத் தண்ணி ஆரம்பிப்பாரு, அதுவரைக்கும் பாவம்னு நீயா எதுவும் ஊத்திடாத, ஈரத்துணியால உதட்ட தொடச்சு விடு. ட்ரெயின்ல பச்சையாவோ அடர் மஞ்சளாவோ வந்தா, காய்ச்சல் அடிச்சா, வயிறு உப்புனா, நாடி வேகமா போனா அந்த நிமிஷமே சிஸ்டர கூப்பிடு, பேட்ச் கசியுதான்னு பாக்கணும். 24 மணி நேரம் தாண்டி வர்றவங்க, பிரஷர் எறங்கி வர்றவங்க, வேற பெரிய நோய் இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. அப்பா அன்னைக்கே வந்துட்டாரு இல்ல, அது பெரிய விஷயம்.

செவ்வாப்பேட்டை_கொலுசு:
எனக்கும் இதே ஆபரேஷன்தாம்மா, மூணு வருஷம் ஆச்சு. எனக்கு சளிதான் ரொம்ப படுத்துச்சு, தையல் வலிக்குப் பயந்து இருமாமலே இருந்தேன், நெஞ்சுல கட்டிக்கிச்சு. தலகாணிய வயித்தோட அணைச்சுப் புடிச்சுட்டு இரும சொல்லு, அந்த மூணு பந்து இருக்கற டப்பால மூச்ச உள்ள இழுக்க வை. தையல் ஓரத்துல சீழ் வேற வச்சு பத்து நாள் கழிச்சுதான் வீட்டுக்கு வந்தேன்.

சர்ஜரி_வார்டு_அக்கா:
அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. இன்னொன்னு, வயித்துல அல்சர உண்டாக்கற ஹெச்.பைலோரி கிருமி இருக்கான்னு டெஸ்ட் பண்ண சொல்லி டாக்டர கேளு. முன்னெல்லாம் இந்த அல்சருக்கு அமிலம் சுரக்க வைக்கற நரம்பையே வெட்டுவாங்க, இப்ப கிருமி மாத்திரையும் அமில மாத்திரையும் வந்ததால அது பெரும்பாலும் தேவைப்படல. கிருமி இருந்து மாத்திரை குடுத்தா வாய் கசக்குதுன்னு பாதியில நிறுத்த விடாத. அந்த மூட்டு வலி மாத்திர அட்டைய டாக்டர்கிட்ட காமி, இனி அவரக் கேக்காம எந்த வலி மாத்திரையும் வேண்டாம். பீடியும் வேண்டாம்.

நாகலூர்_பொண்ணு:
ரொம்ப நன்றிக்கா, அண்ணா. இன்னைக்குக் காலையில காத்து பிரிஞ்சுது, டியூப் எடுத்துட்டாங்க, மணிக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி தர சொல்லியிருக்காங்க. மாத்திர அட்டைய வீட்டுலருந்து தம்பி எடுத்துட்டு வர்றான். பந்து ரெண்டுதான் மேல ஏறுது, மூணாவது அசையுதுங்க.