மாகாண சபைக்கும் வட்டார முறையா? கொழும்புக்காரர் சொல்லுங்கள்

ஒழுங்கைக்காரன், வெள்ளவத்தை
மாகாண சபைத் தேர்தலைப் பழைய விகிதாசார முறையிலேயே, அதாவது கட்சி எடுக்கும் வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் கொடுக்கும் முறையிலேயே, வைக்க வேண்டும் என்கிறார்கள். நான் எதிர். மாநகர சபைக்கும் அந்த முறை இருந்த, கட்சிப் பட்டியலில் பிடித்த ஆளுக்கு விருப்பு வாக்குப் போட்ட காலத்தில், எங்கள் ஒழுங்கையில் கான் (தண்ணீர் ஓடும் வடிகால்) அடைத்தால் யாரைப் பிடிப்பது என்றே தெரியாது. மாநகர சபையில் யாரைக் கேட்டாலும் "அது என் பகுதி இல்லை". 2018இல் வட்டாரம் வந்தது: நகரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிக்கு மெம்பரைத் தெரிவு செய்யும் முறை. போன மழைக்கு எங்கள் மெம்பருக்குப் போன் அடித்தேன். மனிசன் சாரத்தோடேயே வந்து, கான் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
அண்ணா, கான் வேறு, மாகாண சபை வேறு. தமிழர் நாங்கள் கொட்டாஞ்சேனையில் கொஞ்சம், வெள்ளவத்தையில் கொஞ்சம், தெஹிவளையில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறோம். தொகுதி தொகுதியாகப் பிரித்தால் எங்கே வெல்வது? விகிதாசாரத்தில் மாவட்டம் முழுக்க விழுந்த வாக்கு ஒன்றாய்ச் சேரும். 2017இல் வந்த மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் பாதிக்குப் பாதி தொகுதி, மீதி விகிதாசாரம் என்றது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை.

ஒழுங்கைக்காரன்
உள்ளூராட்சி போல 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல் என்று வைக்கட்டுமே. சிதறியவர்களுக்கு அந்த 40 இருக்கிறது.

மருதானை அக்கா
பட்டியலில் யாரை உள்ளே எடுப்பது என்பது கட்சியின் கையில், தம்பி.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
அதுதான் அக்கா. இந்தக் கலப்பு முறை என்ன செய்தது என்று கொழும்பையே பாருங்கள். 2025 மே 6 மாநகர சபைத் தேர்தலில் 117 ஆசனத்தில் தேசிய மக்கள் சக்திக் கட்சிக்கு 48. பாதிக்கு மேல் வர 59 வேண்டும். ஜூன் 16இல் ரகசிய வாக்கெடுப்பு வைத்து 61க்கு 54 என்று அந்தக் கட்சியின் மேயரைத் தெரிவு செய்தார்கள். எங்கள் மெம்பர் யாருக்குப் போட்டார்? கேட்டால் போனை வைத்துவிடுகிறார். பழைய முறையில் வென்ற கட்சிக்கே மேயர், இந்த ஒளிச்சு விளையாட்டு இல்லை.

ஒழுங்கைக்காரன்
அது ரகசிய வாக்கெடுப்பின் பிழை. வட்டாரம் என்ன செய்யும்?

மருதானை அக்கா
எங்கள் மேல் மாகாண சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. என் மகளுக்கு வாக்கு வந்து பல வருஷம், மாகாண சபைக்கு ஒரு தரமும் போடவில்லை. நீங்கள் இன்னும் முறையைப் பற்றிச் சண்டை பிடியுங்கள்.

ஒழுங்கைக்காரன்
சரி அக்கா, இந்த முறை பழையபடியே வைக்கட்டும். மாநகர சபை வட்டாரத்தில் மட்டும் கை வைக்கவேண்டாம். கான் இன்னும் பாதிதான் துப்புரவாகி இருக்கிறது.