சாரல் சீசனில் வாட்டர்கலர் காயவே மாட்டேன் என்கிறது, என்ன செய்கிறீர்கள்?

புளியரை_ராசு
செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கிறேன். ஆனி பிறந்ததிலிருந்து ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் சாரலும்தான். கழுதுருட்டி பதிமூன்று கண் ரயில் பாலத்தை வரைகிறேன். வானத்துக்கு வாஷ் (தண்ணீர் நிறையக் கலந்த மெல்லிய நிறப்பூச்சு) போட்டு முக்கால் மணி நேரம் கழித்து மலையை வைத்தாலும், நிறம் வானத்துக்குள் ஏறி காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடுகிறது. நாலு தாள் போச்சு. தாள் 300 ஜிஎஸ்எம் கனத்தில் காட்டன், கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு). மாசியில் இதே தாள் ஒழுங்காக வந்தது. தாளை மாற்றணுமா, பெயின்டையா?

நாகர்கோவில்_தூரிகை
ஹேர் டிரையர் காட்டுங்கள். ஆனால் தாளில் மினுமினுப்பு அடங்கின பிறகு. முன்னாலேயே காட்டினால் காற்று நிறத்தைத் தள்ளிக் கோடு விழும்.

தென்மலை_வாத்தியார்
தம்பி, தாள் மேலும் குற்றமில்லை, பெயின்ட் மேலும் இல்லை. இருபது வருஷமாக நான் மழையில்தான் அதிகம் வரைகிறேன். கண்ணுக்குக் காய்ந்த தாள் உள்ளே காய்ந்திருக்காது. புறங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது, தொடக்கூடாது.

ஆனி, ஆடியில் நான் இடையில் காயவைப்பதையே விட்டுவிடுவேன். தாளை இரண்டு பக்கமும் நனைத்துப் பலகையில் படியவிட்டு, வானம், மலை, மரக்கூட்டம் எல்லாம் ஒரே ஈரத்தில். வெயில் காலத்தில் பத்து நிமிஷம்கூடக் கிடைக்காத ஈரம் இப்போது அரை மணி நிற்கும். அதை விடலாமா? ஒன்றே ஒன்று: அடுத்து வைக்கிற பிரஷ்ஷில், தாளில் இருப்பதைவிடத் தண்ணீர் குறைவாக இருக்கணும். அது மீறினால்தான் காலிஃபிளவர். நான் பிரஷ்ஷைப் பழைய வேட்டித்துணியில் ஒற்றிவிட்டுத்தான் நிறத்தைத் தொடுவேன். அல்ட்ராமெரின் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்து தயிர் பதத்தில் வைத்துப் பாருங்கள். மலையின் விளிம்பு மட்டும் லேசாகக் கரையும், அல்ட்ராமெரின் தாளின் குழிகளில் பொடிப்பொடியாகப் படியும். சாரலுக்குள் நிற்கிற மலை அப்படித்தான் இருக்கும்.

பெயின்டில் தேன் கலந்தது மட்டும் இங்கே வேண்டாம். ஒரு தடவை வாங்கினேன், பேலட்டில் ஆவணி வரை பிசுபிசுவென்றே கிடந்தது. கேம்லின் டியூபைப் பிழிந்து மாசி வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்கிறேன்.

தாளைப் பீரோவில் வைக்காதீர்கள். ஈரத்தில் மேல்பசை போய், வாஷ் போட்டால் மை ஒற்றும் தாள் மாதிரி அங்கங்கே உறிஞ்சும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல்.

புளியரை_ராசு
அண்ணாச்சி, காலையில் புறங்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்தும் ஜில்லென்றுதான் இருந்தது! பாலத்தின் கண்களுக்குள் தெரிகிற பச்சையையும், நீங்கள் சொன்ன மாதிரி வானம், மலையோடு ஒரே ஈரத்திலேயே வைத்துவிடவா?

தென்மலை_வாத்தியார்
ஆமாம். கண், தூண் என்று பார்க்காமல் பச்சையைக் குறுக்கே முழுக்க ஓட்டிவிடுங்கள். தூண்களை மறுநாள் காய்ந்த தாளில், மலைக்கு வைத்த கலவையில் சியன்னாவைக் கூட்டி மேலே போடுங்கள். 1904-ல் ரயில் விட்ட நாளிலிருந்து மழை குடிக்கிற கருங்கல். நனைந்தால் பச்சையைவிட இருட்டு, மூடிவிடும்.