கம்பெனியில் என் 12 சதவீதப் பங்கு 6 ஆகிவிட்டது, என்ன செய்யலாம்?

வணக்கம். கம்பெனி சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

திருப்பூரில் பெரியப்பாவும் அப்பாவும் தொடங்கிய பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். பணம் போட்டது பெரியப்பா, மிஷின் பக்கம் நின்றது அப்பா. அதனால் 10,000 பங்கில் அப்பாவுக்கு 1,200தான். அவர் காலமான பிறகு அவை என் பெயருக்கு வந்தன. டிவிடெண்ட் என்று இதுவரை ஒரு பைசா வந்ததில்லை, சரி, அதை விடுங்கள்.

போன வாரம் எம்.சி.ஏ. (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்த்தேன். புதிதாக 10,000 பங்கு ரைட்ஸ் வெளியீடு (இருக்கிற பங்குதாரர்களுக்கே முதலில் தர வேண்டிய புதுப் பங்கு), மொத்தமும் பெரியப்பா குடும்பத்துக்கே! கேட்டால், "நோட்டீஸ் அனுப்பினோமேப்பா" என்கிறார். அனுப்பியது நாங்கள் நாலு வருஷம் முன்பு காலி செய்த வீட்டுக்கு. அதே மாதம் அண்ணன் கல்யாணப் பத்திரிகையை மட்டும் புது வீட்டுக்கே வந்து தாம்பூலத்தோடு வைத்தார்கள்.

ஆடிட்டர் ஒருவர், பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே போனால் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு (என்.சி.எல்.டி.) போக முடியாது என்கிறார். ஆனால் 2013 சட்டத்தின் 244ஆம் பிரிவில், மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் இருந்தாலும் 241இன் கீழ் (பங்குதாரரை ஒடுக்குவது, தவறான நிர்வாகம் பற்றிய பிரிவு) மனு போடலாம் என்று இருக்கிறது. உறுப்பினர்கள், அதாவது பங்குதாரர்கள், நாங்கள் மொத்தமே ஆறு பேர். அப்படியானால் நான் ஒருவனே போதும்தானே?

சென்னை என்.சி.எல்.டி.யில் இப்படி வழக்கு நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? புதிய ஒதுக்கீட்டை ரத்து செய்யக் கேட்பதா, நியாயமான விலைக்கு என் பங்கை வாங்கிக்கொள்ளச் சொல்வதா? அப்புறம், பெரியம்மா இன்னும் தினமும் போனில் பேசுகிறார். வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் சமரசம் பேசிப் பார்ப்பது வழக்கைப் பாதிக்குமா?