தியானத்தில் உட்கார்ந்திருந்தவன் அம்மாவிடம் கத்திவிட்டேன். ஜென் வழியில் இதற்கு என்ன பதில்?

நூல்கண்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, வயது 41. இந்த வேலை தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கம் பையர், இன்னொரு பக்கம் சாயப்பட்டறை, நடுவில் நான், கையில் ரெண்டு போன். படுத்த பிறகும் ஷிப்மென்ட் தேதிதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதமாக ஜென் என்கிற ஜப்பானிய பௌத்தத் தியான வழி பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து, 'சாப்பிடும்போது சாப்பிடு, நடக்கும்போது நட' என்கிற மாதிரி விஷயங்கள் ரொம்பப் பிடித்துப்போய், இப்போது மூன்று வாரமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து மாடி அறையில் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காருகிறேன். மனதில் எதுவுமே ஓடக்கூடாது என்பதுதான் இலக்கு.

நடப்பதோ நேர்மாறு. கண்ணை மூடியதும் போன மாதம் ரிஜெக்ட் ஆன சாம்பிள், பத்து வருடம் முன்பு மச்சான் பேசிய ஒரு வார்த்தை, வண்டி இன்சூரன்ஸ், எல்லாம் வரிசையில் நிற்கின்றன. முன்பைவிட அதிகமாக. இதில் போன வியாழக்கிழமை, ஒரு ஐந்து நிமிடம் மனம் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தபோது கீழேயிருந்து அம்மா "பால்காரர் வந்திருக்கார், சில்லறை இருக்கா?" என்று கூப்பிட்டார். நான் எழுந்து படிக்கட்டில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தியானம் பண்றவன் இப்படியா கத்துவான்?"

எங்கே தப்பு செய்கிறேன்? இல்லை, இது எனக்கு ஒத்துவராத விஷயமா?

---

பழைய குடை

முதலில் கண்ணைத் திறங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஜென்னில் உட்காருவது திறந்த கண்ணோடுதான். ஜப்பானில் சோதோ என்ற ஜென் மரபைத் தொடங்கிய துறவி டோகன், சீனாவிலிருந்து 1227-இல் திரும்பி வந்ததும், எப்படி உட்காருவது என்று ஒரு சின்னக் கையேடு எழுதினார். முதுகு எப்படி, கை எப்படி, நாக்கு எங்கே என்பது வரை அதில் இருக்கிறது. கண் எப்போதும் திறந்தே இருக்கட்டும் என்றும் இருக்கிறது. பார்வையை ஒரு மூன்று நான்கு அடி முன்னால் தரையில் சும்மா போட்டுவிடுங்கள், எதையும் உற்றுப் பார்க்க வேண்டாம். கண்ணை மூடினால் உள்ளே தியேட்டர் விளக்கை அணைத்த மாதிரி, படம் ஓட ஆரம்பித்துவிடும். உங்களுக்கு ஓடுவது அதுதான்.

ரெண்டாவது, 'எதுவுமே ஓடக்கூடாது' என்ற இலக்கை யார் கொடுத்தது? எண்ணத்தை நிறுத்து என்று அங்கே சொல்வதில்லை. வந்தால் வரட்டும், பின்னாலேயே போகாதே, அவ்வளவுதான். புதிதாக வருபவர்களுக்குப் பல இடங்களில் மூச்சை எண்ணத்தான் கொடுப்பார்கள். ஒவ்வொரு மூச்சு வெளியே போகும்போதும் ஒன்று, ரெண்டு என்று பத்து வரை, அப்புறம் மறுபடி ஒன்று. நான் முதல் வருடம் முழுக்க நாலைத் தாண்டியதில்லை. திடீரென்று பதினேழில் இருப்பேன், எப்போது பத்தைக் கடந்தேன் என்றே தெரியாது. சரி என்று மறுபடி ஒன்றுக்கு வர வேண்டும். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சி, பத்தைத் தொடுவது இல்லை.

முன்பைவிட அதிகமாக எண்ணம் வருகிறது என்கிறீர்கள். முன்பும் இவ்வளவுதான் ஓடியிருக்கும், உங்களுக்கு ரெண்டு போனுக்கு நடுவே கேட்டிருக்காது.

உங்கள் கேள்விக்கு நேராக ஒரு பழைய கதையே இருக்கிறது. ஹுய்கே என்பவர், சீனாவில் ஜென்னின் முதல் குரு என்று சொல்லப்படும் போதிதர்மரிடம் போய், 'என் மனம் நிம்மதியாக இல்லை, நிம்மதி கொடுங்கள்' என்கிறார். 'அந்த மனத்தைக் கொண்டு வா, கொடுக்கிறேன்' என்கிறார் போதிதர்மர். 'தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவே மாட்டேன் என்கிறது.' 'அப்படியானால் கொடுத்தாயிற்று.' 1228-இல் வூமென் என்ற சீனத் துறவி தொகுத்த 48 கோஆன்களில், அதாவது ஜென் புதிர்க்கதைகளில், இது 41-ஆவது. இதை விளக்கப் போனால் கெட்டுவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். ஆனால் ஹுய்கே உண்மையாகவே தேடிவிட்டு வந்து பதில் சொன்னார் என்பதை மட்டும் கவனியுங்கள். நாம் அந்தத் தேடலைத் தவிர்த்துவிட்டு நேராகக் கடைசி வரிக்குப் போகப் பார்க்கிறோம்.

---

குறுக்குக்கேள்வி

போதிதர்மர் பெயர் வந்துவிட்டது, இனி 'அவர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர்' என்று நாலு பேர் வரிசையாக வருவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு 547-இல் எழுதப்பட்ட லோயாங் நகரக் கோயில்கள் பற்றிய நூலில் இருக்கிறது, அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்தவர். கொஞ்சம் பின்னால் தான்லின் என்ற துறவி எழுதியதில் தென்னிந்தியர், ஒரு பெரிய அரசனின் மூன்றாவது மகன். காஞ்சிபுரம் என்ற ஊர்ப்பெயர் ரெண்டிலும் இல்லை. தியானம் என்ற சொல் சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது என்பது மட்டும் உறுதி. அந்தச் சொல் நம் வீட்டிலும் புழங்குவதுதான், பெருமைப்பட அது போதும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சீனாவில் லியாங் நாட்டுப் பேரரசர் வூ, போதிதர்மரிடம் 'இத்தனை கோயில் கட்டினேன், இத்தனை துறவிகளை ஆதரித்தேன், எனக்கு எவ்வளவு புண்ணியம்?' என்று கேட்டாராம். 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்ததாம். நடந்ததோ இல்லையோ, நல்ல கதை. நீங்களும் மூன்று வார உட்காரலுக்கு ரசீது கேட்கிறீர்கள்.

இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். உட்கார்ந்தால் மனிதன் தானாக நல்லவனாகிவிடுவான் என்பது பொய். ரெண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ஜென் மடங்களும் பெரிய பெரிய குருமார்களும் ராணுவத்துக்குப் பக்கபலமாக நின்றார்கள். சோதோ மரபு அதற்காக 1992-இல் வெளிப்படையாக மன்னிப்பு கேட்டது. வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள் அவர்கள். நீங்கள் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு அம்மாவிடம் கத்தியதில் என்ன ஆச்சரியம்? அமைதியாக இருப்பது வேறு, எதிரில் இருப்பவரைப் பார்ப்பது வேறு. முதலாவது மாத்திரையில்கூடக் கிடைக்கும்.

---

சமையற்கட்டு

நூல்கண்டு அண்ணா, எல்லோரும் உட்காருவதைப் பற்றியே சொல்கிறார்கள். நான் உட்காருகிற ஆள் இல்லை, ரெண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புகிற வீட்டில் காலை ஐந்து மணி என்பது இட்லி ஊற்றும் நேரம். ஆனால் அதே டோகன் 1237-இல் மடத்துச் சமையல்காரருக்காக எழுதிய ஒரு சின்ன நூல் இருக்கிறது, 'தென்சோ கியோகுன்' என்று பெயர். இங்கிலீஷில்தான் படித்தேன், மூன்று தடவை. சமையல் பொறுப்பைக் கற்றுக்குட்டிகளிடம் கொடுப்பதில்லையாம். மடத்தை நடத்தும் ஆறு பொறுப்பாளர்களில் சமையல்காரரும் ஒருவர், பயிற்சியில் முதிர்ந்தவர்தான் அந்த இடத்துக்கு வர முடியும்.

அதில் டோகன் தன் அசட்டுத்தனத்தைத் தானே எழுதியிருக்கிறார், எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். 1223, அவருக்கு 23 வயது, சீனத் துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருக்கிறார். அசோகர் பெயரில் அங்கே ஒரு மலை இருக்கிறது, அந்த மலை மடத்தின் சமையல்காரர், 61 வயதுக் கிழவர், கப்பலில் வந்த ஜப்பான் காளான் வாங்குவதற்காக வெகுதூரம் நடந்தே வருகிறார். மறுநாள் விசேஷத்துக்கு மடத்தில் எல்லோருக்கும் நூடுல்ஸ் சூப் வைக்க வேண்டும். டோகன் டீ கொடுத்து, 'இன்று இங்கேயே தங்குங்கள், பேசலாம்' என்கிறார். 'முடியாது, நாளைச் சமையலை நான் பார்க்கவில்லை என்றால் கெட்டுவிடும்.' 'இந்த வயதில் தியானம் செய்யாமல், பழைய குருமார்களின் சொற்களைப் படிக்காமல், அடுப்படியில் ஏன் அல்லாடுகிறீர்கள்?' கிழவர் சத்தமாகச் சிரித்து, 'வெளிநாட்டுத் தம்பி, பயிற்சி என்றால் என்னவென்று உனக்கு இன்னும் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிப் போய்விடுகிறார்.

அப்புறம் இன்னொரு சமையல்காரர். 68 வயது, முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. உச்சி வெயிலில் தொப்பிகூட இல்லாமல் கொதிக்கும் ஓட்டுத்தரையில் காளான் காய வைத்துக்கொண்டிருக்கிறார். 'ஆள் வைத்துச் செய்யக் கூடாதா?' என்று டோகன் கேட்டதற்கு, 'மற்றவர் நான் ஆக முடியாதே' என்கிறார். 'சரி, இந்த வெயிலிலா?' 'வேறு எந்த நேரத்துக்குக் காத்திருப்பது?' இதைப் படித்த அன்று மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், வெயில் குறையவில்லை, ஆனால் முணுமுணுப்பு நின்றது.

அரிசி கழுவுவது பற்றியும் எழுதியிருக்கிறார். அரிசியைப் பார்க்கும்போதே மணலையும் பார், மணலைப் பார்க்கும்போதே அரிசியையும் பார், ஒரு மணிகூடத் தண்ணீரோடு போகக் கூடாது, களைந்த தண்ணீரையும் அலட்சியமாகக் கொட்டாதே. இதைப் படித்ததும் எங்கள் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். முறத்தில் புடைத்து, அரிக்கன்சட்டியில் அரித்து, கழுநீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவார். பாட்டிக்கு ஜென் தெரியாது, பாட்டி கோபக்காரியும்கூட, அதனால் அவரைப் பெரிய ஞானி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையின்போது அவரிடம் நாங்கள் பேச்சு கொடுத்ததில்லை. சமையல்காரருக்கு மூன்று மனங்கள் வேண்டும் என்கிறார் டோகன். ஒன்று மகிழ்ச்சியான மனம், இன்னொன்று மலை போல, கடல் போல விரிந்த மனம். நடுவே ஒன்று இருக்கிறது, ரோஷின், பெற்றவர் மனம். ஒரே பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அரிசியையும் தண்ணீரையும் பார்க்க வேண்டுமாம்.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், அந்த வியாழக்கிழமை காலை உங்கள் வீட்டில் பால்காரர் வந்ததும், சில்லறை இல்லாததும், நீங்கள் மேலே இருப்பதும் தெரிந்து விழிப்போடு இருந்தவர் உங்கள் அம்மா. நீங்கள் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

தெற்கு ஜன்னல்

எல்லாம் சரி. அம்மாவிடம் மன்னிப்பு கேட்டீர்களா?

---

மலைச்சாலை

கொடைக்கானல் போகும் வழியில் பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. 1996-இல் தொடங்கியது. ஆமா சாமி என்ற தமிழ் ஜேசு சபைப் பாதிரியார் ஜப்பானில் காமகுராவில் யமாதா கோஉன் என்ற ஜென் குருவிடம் பயின்று வந்து தொடங்கிய இடம். நான் அங்கே சில நாள் இருந்திருக்கிறேன். ஞானம் எதுவும் வரவில்லை, முட்டி வலி வந்தது. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். உட்காருவது எவ்வளவு முக்கியமோ, அதே அளவு பெருக்குவது, காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது. சாமு என்பார்கள், பேச்சில்லாமல் செய்ய வேண்டும். எனக்கு உட்காரும்போது வராத எரிச்சல் எல்லாம் துடைப்பத்தைப் பிடித்ததும் வந்தது. பக்கத்தில் பெருக்கியவர் சருகை என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார் (வேண்டுமென்றேதான் என்று இன்னமும் சந்தேகம்).

ஹகுயின் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஒரு குரு. இளம் வயதில் வெறி பிடித்த மாதிரி உட்கார்ந்து, உடம்பும் மனமும் கெட்டு, அதை 'ஜென் நோய்' என்றே எழுதி வைத்திருக்கிறார். சும்மா இருக்கும்போது செய்கிற தியானத்தைவிட, வேலைக்கு நடுவே செய்கிற தியானம் பல மடங்கு உயர்ந்தது என்று பின்னாளில் சொன்னவரும் அவர்தான். மாடி அறையில் மட்டும் கிடைக்கிற அமைதி, பால்காரர் வந்தால் உடைகிறது என்றால், அது அறையின் அமைதி. அதற்காக உட்காருவதை விட்டுவிடாதீர்கள். இருபது நிமிடத்தைப் பத்தாக்கிக்கொள்ளுங்கள், வீட்டார் கூப்பிட்டால் எழுந்து போங்கள், சில்லறை கொடுங்கள், திரும்பி வந்து ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

இன்னொன்று, தூக்கமே வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிற அளவுக்கு இருந்தால் தயங்காமல் ஒரு டாக்டரைப் பாருங்கள். அதற்கு உட்காருவது மருந்து இல்லை.

---

நூல்கண்டு

பத்து நாள் கழித்து வருகிறேன், ஆடிட் நேரம். எல்லோருக்கும் நன்றி. தூக்கம் பரவாயில்லை, டாக்டர் அளவுக்கு இல்லை.

தெற்கு ஜன்னல், கேட்கவில்லை. உங்கள் ஒரு வரியைப் படித்த அன்று ராத்திரிதான் போய்க் கேட்டேன். "அதை அன்னைக்கே மறந்துட்டேன், சாப்பிட்டியா?" என்றார். அம்மா மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், சித்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்து உட்காருகிறேன். தரையில் ஒரு டைல்ஸ் விரிசல் இருப்பது இத்தனை வருடம் தெரியவில்லை. எண்ணிக்கையில் அதிகபட்சம் ஆறு. ரசீது விஷயம் உறைத்தது, குறுக்குக்கேள்வி.

சமையற்கட்டு சொன்னதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அரிசி கழுவலாம் என்று போனேன். பாக்கெட் அரிசியில் பொறுக்க இப்போது கல்லே இல்லை. அம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கையில் கொடுத்து, இதை உருவு என்றார். போனை மாடியில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். முதல் கால் மணி நேரம் கை கீரையில், தலை ஷிப்மென்ட்டில். நடுவில் எப்போதோ ஒரு ஐந்தாறு கொத்து, வெறும் கீரை மட்டும் இருந்தது, அது முடிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா வந்து தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, "பாதிக்குப் பாதி காம்பு" என்று பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி ஆய ஆரம்பித்தார்.