கணக்கில் உபரி, கையில் பணமில்லை: மருத்துவமனை நிதி நிர்வாகம் குறித்து இரண்டு ஐயங்கள்

கேள்வி (மருத்துவமனைக் கணக்குப் பிரிவு அலுவலர்)

அனைவருக்கும் வணக்கம். அறக்கட்டளை ஒன்று நடத்தும் 150 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் கணக்குப் பிரிவைக் கவனித்து வருகிறேன். சென்ற நிதியாண்டின் வரவு செலவுக் கணக்கு உபரியைக் காட்டுகிறது. தணிக்கையாளரும் அதில் குறை காணவில்லை. ஆனால் மாதம்தோறும் 25ஆம் தேதி நெருங்கும்போது, சம்பளத்திற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கவலையில் எனக்கு உறக்கம் பிடிப்பதில்லை. மருந்து விநியோகஸ்தர்களுக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டுத்தான் ஊழியர்களுக்குச் சம்பளம் போடுகிறோம். உபரி உண்மையென்றால் அந்தப் பணம் எங்கே போயிற்று?

இதையொட்டி இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. துறைவாரியாகக் கணக்கெடுத்ததில் டயாலிசிஸ் பிரிவு நட்டத்தில் இருப்பதாக வந்ததால், அதை மூடிவிடலாம் என்று நிர்வாகக் குழு எண்ணுகிறது. வாரத்தில் மூன்று நாள் அந்த இயந்திரங்களை நம்பி வருகிறவர்களின் முகங்களை நான் தினமும் பார்க்கிறேன். என் மனம் ஒப்பவில்லை என்பதற்காக மட்டும் எதிர்த்துப் பேச முடியாது. கணக்கு என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேச விரும்புகிறேன்.

மறுமொழி 1 (நிதி ஆலோசகர்)

பணம் எங்கும் போகவில்லை, இன்னும் வந்து சேரவில்லை என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். நோயாளி வீடு திரும்பும் நாளிலேயே பில் தொகை முழுவதும் வருமானமாகப் பதிவாகிவிடுகிறது. காப்பீட்டு நிறுவனமோ அரசுத் திட்டமோ அதைச் செலுத்துவது பல வாரங்கள் கழித்துத்தான். உங்கள் உபரி அந்த இடைவெளிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வரவேண்டிய மொத்த நிலுவையை ஒரு நாளின் சராசரி பில் தொகையால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10 அலகு பில் போட்டு, நிலுவை 850 அலகாக இருந்தால், 85 நாள் வருமானம் வெளியே நிற்கிறது என்று பொருள். விநியோகஸ்தர் 45 நாள் தவணை தருகிறார், ஊழியருக்கு 30 நாளில் சம்பளம் போட வேண்டும் எனும்போது, மருத்துவமனை வளர வளரப் பணத்தட்டுப்பாடும் கூடவே வளரும்.

உபரித் தொகையிலேயே ஒரு பகுதி வராமலும் போகலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். காப்பீட்டாளர் கழித்துக்கொள்ளும் தொகைக்கும், நிராகரிக்கப்படும் கோரிக்கைகளுக்கும் முன்கூட்டியே ஒதுக்கீடு செய்யாத கணக்கில் உபரி ஊதித்தான் தெரியும். நிலுவையை 30, 60, 90, 180 நாள் என்று வயதுவாரியாகப் பிரித்து, 180 நாளைத் தாண்டியவற்றைத் தனித்தாளில் எழுதி நிர்வாகக் குழுவின் முன் வையுங்கள்.

மறுமொழி 2 (காப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவில் பணிபுரிபவர்)

மேலே சொன்னது சரி. ஆனால் 85 நாளில் எத்தனை நாள் காப்பீட்டாளரால் ஆனது, எத்தனை நாள் நம்மால் ஆனது என்று பிரித்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். நான் தினமும் காண்பதைச் சொல்கிறேன். எலும்பு அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி ஒருவர் வீடு திரும்பிவிடுகிறார். அவருடைய கோப்பு, டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் கையொப்பம் இடுவதற்காக வார்டு மேசையிலேயே நான்கு நாள் கிடக்கிறது. கையொப்பமாகி எங்களிடம் வந்தபின் புரட்டிப் பார்த்தால், பொருத்தப்பட்ட உலோகத் தகட்டின் பெட்டியிலிருந்து உரித்து அறுவை சிகிச்சைக் குறிப்பில் ஒட்டியிருக்க வேண்டிய ஸ்டிக்கரைக் காணோம். தகட்டின் வரிசை எண் அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் காப்பீட்டாளர் வினா எழுப்புவார், நாங்கள் பதில் எழுத வேண்டும், கோப்பு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகும். அறுவை அரங்கில் அரை நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஒரு மாதம் பலியாகிறது.

ஆகவே நிலுவையைக் குறைக்கும் பொறுப்பைக் கணக்குப் பிரிவின் தலையில் மட்டும் சுமத்தினால் பயன் இராது. டிஸ்சார்ஜ் ஆன நாளுக்கும் கோரிக்கை அனுப்பிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்பதை வார்டு வாரியாகக் குறித்து, வாரம் ஒருமுறை மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் காட்டுங்கள். குற்றம் சாட்டும் தொனியில் வேண்டாம். தங்கள் ஒரு கையொப்பத்திற்காகச் சம்பளப் பணம் காத்திருக்கிறது என்பதை அவர்களிடம் யாரும் சொன்னதே இல்லை என்பதுதான் என் அனுபவம்.

மறுமொழி 3 (செலவுக் கணக்காளர்)

டயாலிசிஸ் பற்றி எழுதுகிறேன். நட்டம் என்ற முடிவு எப்படி வந்தது என்பதை முதலில் கேளுங்கள். சலவை, சமையல், கிருமி நீக்கம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளைத் துணி எடை, தரைப்பரப்பு, ஆள் எண்ணிக்கை என்று ஏதோ ஓர் அடிப்படையில் எல்லாத் துறைகளுக்கும் பகிர்ந்திருப்பார்கள். அந்தப் பங்கையும் சேர்த்துத்தான் நட்டம் காட்டுகிறது. துறையை மூடினால் அந்தப் பங்கு மறையாது. மற்றத் துறைகளின் தலையில் ஏறும்.

எடுத்துக்காட்டாக, அந்தப் பிரிவின் வருமானம் 100, வடிகட்டியும் குழாய்களும் கரைசலும் உள்ளிட்ட நேரடிப் பொருட்செலவு 55, அங்கேயே பணியாற்றுவோர் சம்பளம் 25, பகிர்ந்து ஏற்றிய பொதுச் செலவு 32 என்று கொள்வோம். தாளில் 12 நட்டம். மூடிவிட்டால் 100 போகும். மிச்சமாவது 80 மட்டுமே. மருத்துவமனையின் நிலை 20 மோசமாகும். பணியாளர்களை விலக்காமல் வேறு வார்டுக்கு மாற்றினால் மிச்சம் 55தான், இழப்பு 45. எந்தச் செலவு உண்மையில் நிற்கும் என்று கேட்காமல் துறையை மூடுவது, ஆபத்தான முடிவு என்று அழுத்தமாகச் சொல்வேன்.

அதற்காக அந்தப் பிரிவை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஹார்வர்டு பேராசிரியர்களான ராபர்ட் கேப்லனும் மைக்கேல் போர்ட்டரும் 2011இல் மருத்துவத் துறைக்குப் பரிந்துரைத்த நேர அடிப்படைச் செலவுக் கணக்கு இங்கே கைகொடுக்கும். ஒரு சிகிச்சைக்கு டெக்னீசியன் எத்தனை நிமிடம், செவிலியர் எத்தனை நிமிடம், இயந்திரம் எத்தனை நிமிடம் செலவாகிறது என்று அருகில் நின்று அளந்து, நிமிடச் செலவால் பெருக்க வேண்டும். ஒரு நோயாளி எழுந்தபின் அடுத்தவர் படுக்கும்வரை இயந்திரம் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பது அப்போது தெரியவரும். சீர்திருத்த வேண்டிய இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி: நோயாளிகள் தங்கும் நாளைக் குறைத்தால் செலவு கணிசமாகக் குறையும் என்று குழுவில் ஒருவர் வலியுறுத்துகிறார். இதுவும் டயாலிசிஸ் கணக்கைப் போலத் தாளில் மட்டும் தெரியும் மிச்சம்தானா?

மறுமொழி 3 (செலவுக் கணக்காளர்)

ஏறக்குறைய அப்படித்தான். சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையின் 1993ஆம் ஆண்டுச் செலவுகளை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு, மொத்தச் செலவில் 84 விழுக்காடு கட்டடம், கருவி, சம்பளம் போன்ற நிலைச்செலவு என்று கண்டது. நோயாளியின் கடைசி நாளில் ஆகும் கூடுதல் செலவு பெரும்பாலும் உணவும் சில மாத்திரைகளும்தான். காலியாகும் படுக்கைக்கு அடுத்த நோயாளி வந்தால்தான் ஆதாயம். படுக்கை காலியாகவே கிடந்தால் மிச்சம் சொற்பமே. பேக்கேஜ் முறையில், அதாவது எத்தனை நாள் தங்கினாலும் ஒரு சிகிச்சைக்கு ஒரே தொகை என்று பணம் பெறும் இடங்களில், காத்திருப்போர் பட்டியல் இருந்தால் மட்டும் அவர் சொல்வதில் வலு இருக்கிறது.

கேட்டவர்

நேற்று மாலை நிலுவையில் உள்ள கோப்புகளில் 20ஐ எடுத்துப் பார்த்தேன். பாதிக்கும் மேற்பட்டவை நம் வளாகத்தை விட்டு வெளியே போகவே பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கின்றன. ஸ்டிக்கர் இல்லாதவையும் இருந்தன. அறுவை அரங்கப் பொறுப்புச் செவிலியரிடம் காட்டினேன். அவர் அங்கேயே ஒரு பதிவேட்டைத் திறந்து, ஸ்டிக்கர் ஒட்டியதற்கென்று ஒரு கட்டம் வரைந்தார். வரும் கூட்டத்தில் வயதுவாரி நிலுவைத் தாளையும், பொதுச் செலவை நீக்கிய டயாலிசிஸ் கணக்கையும் முன்வைக்கிறேன்.