கச்சான் காத்துக் காலத்தில திருகோணமலைச் சீனக்குடாவில கோல்ஃப் ஆடினவை, மனசை விட்டுப் போகாத ஒரு அடியைச் சொல்லுங்கோ

கொட்டியாரத்தான்:
எதிர்க்காத்தில ஏழாம் நம்பர் அயனால (இரும்புத்தலை மட்டையால) அடிச்ச அடி ஒண்டு. கிரீனுக்கு (குழி இருக்கிற, ஒட்ட வெட்டின புல்தரைக்கு) 140 யார் (கெஜம்). காத்தை வெல்லோணும் எண்டு வழமையிலும் பலமா வீசினது. பந்து விறுவிறெண்டு மேல ஏறி, அந்தரத்தில ஒரு கணம் அப்பிடியே நிண்டு, 25 யார் முன்னுக்கே பொத்தெண்டு விழுந்தது. பிழை பலத்தில தான். வேகம் கூடினா பின்சுழற்சி கூடும், பின்சுழற்சி பந்தை மேல தூக்கும், எதிர்க்காத்து அந்தத் தூக்கலை இன்னும் பெருப்பிக்கும். அந்த இடத்தில ஐஞ்சாம் நம்பரை எடுத்து, பிடியில ஒரு அங்குலம் கீழ பிடிச்சு, பந்தைப் பின்காலுக்கு ஒரு பந்தளவு கிட்ட வைச்சு, முக்கால் வீச்சோட நிப்பாட்டியிருக்கோணும். முடிக்கேக்க கை நெஞ்சு உயரத்தைத் தாண்டக்கூடாது. காத்து மணிக்கு 10 மைல் எதிர்த்தா ஏறக்குறைய 10 சதவீதம் தூரம் கூட்டுங்கோ. பின்காத்து 10 மைல் எண்டா 5 சதவீதம் தான் குறைக்கலாம். ரெண்டையும் சமனெண்டு நினைச்சு கனபேர் கிரீனைத் தாண்டி அடிக்கினம்.

நிலாவெளி72:
குழிக்கு நாலடி தூரம். அடையாளக் காசு வைச்சு, பந்தை எடுத்துத் துடைச்சு, திரும்ப வைச்சு, காசையும் எடுத்தாச்சு. பட்டர் (பந்தைக் குழிக்கு உருட்டித் தள்ளுற மட்டை) நிலத்தில படமுன்னம் ஒரு வீச்சுக் காத்து வந்தது. பந்து மெல்ல ஆடி, ஒரு உருளல் உருண்டு, சரிவைப் பிடிச்சுக் கிரீனுக்கு வெளிய போய் நிண்டது. காத்து அசைச்சா நிண்ட இடத்திலயிருந்து தான் ஆடோணும், அதாலை வெளியயிருந்தே அடிச்சு முடிச்சது. அந்த நாலடி இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

உப்புக்காத்து:
நிலாவெளி72 அண்ணை, அது பழைய விதி. 2019 ஜனவரியில இருந்து விதி 13.1 வேற மாதிரிச் சொல்லுது. கிரீனில ஒருக்கா எடுத்துத் திரும்ப வைச்ச பந்து எதால அசைஞ்சாலும், காத்தெண்டாலும் கூட, முதல் இடத்திலயே வைக்கோணும், தண்டம் இல்லை. இன்னும் எடுக்காத பந்தைக் காத்து உருட்டினா தான் புது இடத்திலயிருந்து ஆட்டம். வெளியயிருந்து அடிச்சது பிழையான இடத்திலயிருந்து ஆடினதாப் போகும். ஸ்ட்ரோக் பிளேயில (மொத்த அடியை எண்ணுற ஆட்டத்தில) தண்டமா ரெண்டு தரம் அடிச்ச கணக்குக் கூடும், மேட்ச் பிளே (குழிக்குக் குழி வெற்றி பாக்கிற ஆட்டம்) எண்டா அந்தக் குழியே எதிராளிக்கு. அந்த நாலடி உங்கட தான் அண்ணை, விட்டுக் குடுத்திருக்கத் தேவையில்லை.

சல்லிக்கரை:
கொட்டியாரத்தான் சொன்ன தாழ்வான அடி நல்லது தான், ஆனா அதைக் கிரீனுக்குக் கிட்டயும் செய்யப் போறவைக்கு ஒண்டு சொல்லோணும். கிரீனுக்கு முன்னுக்கு விழுத்தி உருட்டிற அடி ஸ்கொட்லாந்தின்ர குளிருக்கும், மணலில வளர்ற ஃபெஸ்கியூ புல்லுக்கும் பிறந்தது. அந்த மெல்லிய புல் எங்கட வெக்கையில நிக்காது. வெப்பக் கரையோரங்களில போடுறது பெர்முடா, பாஸ்பலம் மாதிரிப் படர்ற புல். அது ஒரு பக்கம் சாய்ஞ்சு வளரும். சாய்வுக்கு எதிரா உருட்டின பந்து பிடிச்சு வைச்ச மாதிரி நிண்டிடும். நான் அடிச்ச ஒரு சிப் (கிரீனுக்குக் கிட்டயிருந்து தட்டுற சின்ன அடி), 15 யார் ஓடோணும், விழுந்த இடத்திலயிருந்து மூண்டு யாரில செத்துப் போச்சு. வெட்ஜின்ர (பந்தை உயரத் தூக்கிற மட்டையின்ர) முன்விளிம்பும் எதிர்ப்புல்லில கொழுவிக்கொள்ளும். பந்தை நேரா கிரீனிலயே விழுத்துங்கோ, இல்லாட்டி வெளியயிருந்தே பட்டரால தள்ளுங்கோ.

புல்லின்ர சாய்வு பாக்கிறதுக்குக் குழியின்ர விளிம்பைக் குனிஞ்சு பாருங்கோ. ஒரு பக்கம் கத்தியால வெட்டின மாதிரி சுத்தமா இருக்கும், மற்றப் பக்கம் பிஞ்சு கபிலமா இருக்கும். பிஞ்ச பக்கத்தை நோக்கித் தான் புல் சாயுது. பந்துக்குப் பின்னால நிண்டு பாக்கேக்க புல் மினுங்கினா பந்து வேகமா ஓடும், கறுப்பாத் தெரிஞ்சா கொஞ்சம் பலமாத் தள்ளோணும்.

இதோட உப்பையும் சொல்லிப் போடுறன், ஒருத்தரும் கேக்கேல்லை எண்டாலும். குடாக் காத்தில ஆடின மட்டைகளை அண்டைக்கே நல்ல தண்ணியில கழுவி, துணியால துடைச்சு, நிழலில காய வையுங்கோ. முலாம் பூசாத வெட்ஜ் ஒரே இரவில செம்மஞ்சள் பிடிக்கும். ஈரத்தோட மட்டைக்குத் தலையுறை போட்டா, தண்டு மட்டைத் தலைக்குள்ள இறங்கிற இடத்தில தண்ணி தேங்கும், துரு அங்கயிருந்து தான் தொடங்கும். இரும்பில எண்ணெய் மெல்லிசாத் தடவலாம், பந்தில படுற மட்டை முகத்திலயும் பிடியிலயும் படக்கூடாது. பிடியைச் சவர்க்காரத் தண்ணியில கழுவினாலே வேர்வைப் பிசுக்குப் போகும். கையுறை ரெண்டு மூண்டு கொண்டு போய் மாத்தி மாத்திப் போடுங்கோ. கழட்டினதைப் பொக்கெற்றுக்குள்ள திணிக்காமப் பையில கொழுவி விடுங்கோ. பையின்ர சிப்பையும் (பல்லிழுவையையும்) கழுவ மறக்கவேண்டாம், முதல்ல இறுகிறது அது தான்.

கொட்டியாரத்தான்:
சல்லிக்கரை, கிரீனுக்குக் கிட்ட நீங்கள் சொல்லுறது சரி. நான் எழுதினது 100 யாருக்கு மேல உள்ள அடிக்கு.
புதுசாப் போறவைக்கு: சீனக்குடா மைதானம் விமானப்படை வளாகத்துக்குள்ள இருக்கு, அடையாள அட்டை கையோட இருக்கட்டும். கொலர் வைச்ச சேர்ட், மென்மையான ஆணிச் சப்பாத்து. ஆடுறதெண்டா விடிய வெள்ளனவே தொடங்குங்கோ, பதினொரு மணிக்குப் பிறகு வெக்கையில கால் தள்ளாடும்.

நிலாவெளி72:
தம்பி உப்புக்காத்து, விதியை எடுத்துப் பாத்தன், நீர் சொன்னது தான் சரி. இன்னொண்டு. ஃபெயர்வேயில (கிரீனுக்குப் போற வழியில வெட்டின புல்வெளியில) நிண்ட பந்தைக் காகம் கொத்திக்கொண்டு போனா?

உப்புக்காத்து:
காகம் தூக்கினதைக் கண்டிருக்கோணும், இல்லாட்டி கிட்டத்தட்ட நிச்சயமாத் தெரிஞ்சிருக்கோணும். அப்பிடியெண்டா தண்டம் இல்லை. பந்து நிண்ட இடத்தைக் கணிச்சு வேற பந்து வையுங்கோ. வெறும் சந்தேகம் எண்டா தேட 3 நிமிசம் தான், அதுக்குப் பிறகு தொலைஞ்ச பந்து.