தமிழ் பேசத் துணைக்கு வருவீர்களா?

வணக்கம் அண்ணா, அக்கா. நாங்கள் ஆறு மாணவர்கள். விடுமுறையில் ஒரு வாரம், வெளியில் படுத்துறங்குவோரைத் தொண்டூழியர்களுடன் இரவில் சந்திக்கிறோம். வீட்டில் ஏற்காததால் வெளியேறிய திருநங்கையரும் தன்பாலீர்ப்பாளர்களும் அவர்களில் உண்டு. சிங்கப்பூரில் ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு 2023 ஜனவரியில் நீங்கியது, பெரிய நிம்மதி. ஆனால் மணமாகாதவர் தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயதாக வேண்டுமே! அதுவரை 20 வயதுப் பிள்ளை எங்கே போகும்?

நேற்று புளோக் கீழ்த்தளத்தில் ஒரு திருநங்கை அக்கா, "சாப்பிட்டியாம்மா?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. என் தமிழ் பள்ளித் தமிழ்.

சனிக்கிழமை இரவு 10 மணிக்கு எங்களுடன் நடக்க, மரியாதையாகப் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவர் வேண்டும். அறிவுரை சொல்லாதவராக இருந்தால் போதும். புதுப் பாய்கள் தந்தாலும் உதவி. தனிச்செய்தி அனுப்புங்கள்.